கடைசிப் பெயர்

இந்தப் பிள்ளையார் பந்தலின் பாரத்தைத் தோளில் தாங்கும் ஊர்த் தலைவர் அனந்த் ராணே அவர்களே! ரவளநாதர் சந்நிதியில் நாற்பதாண்டு பூத்தொடுத்த பூசாரி பிகாஜி அவர்களே! களையெடுத்த கை காயுமுன் நல்ல சேலை உடுத்தி வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் புகையிலை மென்றபடி 'இவன் என்ன உளறப் போகிறான்' என்று பார்க்கும் பெரியவர்களே! எல்லோரையும் வணங்குகிறேன்.

நாளைக் காலை சாமியிடம் கௌல் வாக்குக் கேட்கப் போகிறோம். இந்த மழையில் மூன்று பேரைச் சாய்த்த காய்ச்சலை ஏவியது யார் என்று கேட்கப் போகிறோம். ரவளநாதரின் கல்தோளில் பூசாரி ஈரப் பூவிதழை ஒட்டுவார். நாம் ஒவ்வொரு பெயராகச் சொல்வோம். எந்தப் பெயருக்கு இதழ் விழுகிறதோ அவரை ஊர் ஒதுக்கும். அதற்கு முன் இந்த ஜயராம் மனத்தைத் திறந்துவிட வேண்டும்.

மூன்று மழைக்காலத்துக்கு முன் என் தம்பி ஹரி செத்தான். வயல் தண்ணீரில் வந்த எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். அவர் சொன்னது காதில் ஏறியது, நெஞ்சில் ஏறவில்லை. நாற்பது பேர் இறங்கிய வயலில் என் தம்பி மட்டும் ஏன்? டாக்டர் காரணத்தைக் காட்டினார். நானோ ஓர் ஆளைத் தேடினேன். எலியை எப்படி ஐயா வெறுப்பது? வெறுக்க எனக்கொரு முகம் வேண்டியிருந்தது!

முகம் கிடைத்தது. அடுத்த வீட்டுச் சுலோச்சனா அண்ணி ஒருநாள் வரப்பில் நின்று, "என்னடா ஹரி, உன் நாத்து மட்டும் இப்படித் தளதளன்னு நிக்குது!" என்றார். அதே பேச்சை அண்ணி ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அதெல்லாம் எனக்கு மறந்தது, இது ஒன்றுதான் நினைவில் நின்றது. நினைவுக்கு இத்தனை வஞ்சமா!

கௌல் கேட்டோம். ஒன்பது பெயர். அண்ணி கையால் உண்டவன் நான். அவர் பெயரை முதலில் சொல்ல நா கூசியது. கடைசியில் சொன்னேன். இதழ் விழுந்தது! அன்று முதல் அவர் வீட்டுப் பிள்ளையார் முன் பஜனை பாட ஒருவரும் போவதில்லை. அவர் பிடித்த மோதகம் அந்த வீட்டிலேயே புளிக்கிறது.

யாரங்கே? "சாமியையே சந்தேகப்படுறியா ஜயராம்?" என்பது பாண்டு அண்ணன் குரல்தானே? இல்லை அண்ணா, சாமியைச் சந்தேகப்படவில்லை. பூசாரியையும் இல்லை, அவர் கை சுத்தமான கை. நான் சந்தேகப்படுவது என்னை! என் துக்கத்தை! என் கூச்சத்தை!

போன வாரம் வீட்டில் துணி துவைக்கும் கல்லை நிமிர்த்தி, ஈர இதழ் ஒட்டி, ஒன்பது பெயர் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி, "நாளைக்கு சோப்புக்கும் ஆரத்தி எடுப்பீங்களா?" என்று சிரித்தாள். ஒன்பதாவது பெயருக்கு இதழ் விழுந்தது. அது அவள் பெயர்! சிரிப்பு நின்றது. மறுநாள் வேறொருவரைக் கடைசியில் வைத்தேன், விழுந்தது. தலைவர் மன்னிக்க வேண்டும், அது நீங்கள்தான். சிரிக்காதீர்கள் தாய்மார்களே! அடுத்த நாள் என் பெயர். அதற்கும் விழுந்தது.

ஈரம் காய்ந்தால் இதழ் உதிரும். பெயர் சொல்லச் சொல்ல ஈரம் காய்கிறது. யார்மேல் சந்தேகமோ, அவர் பெயரைச் சொல்லக் கூசிக் கடைசியில் வைக்கிறோம். கூசியது நம் நாக்கு! காய்ந்தது தண்ணீர்! பழி விழுந்தது ஒரு பெண்ணின் தலையில்! அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ரவளநாதரை இழுத்தோமே, இது பக்தியா? இது நியாயமா?

நாளையும் உங்கள் நெஞ்சில் ஒரு பெயர் இருக்கும். யாருடையது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெயரை முதலில் சொல்லுங்கள், இதழ் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே சொல்லுங்கள்! கடைசியில் என் பெயரை வையுங்கள். விழுந்தால் என்னை ஒதுக்குங்கள். தம்பியைப் பறிகொடுத்தவன் தலைகுனிந்து ஏற்றுக்கொள்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. பந்தலில் வீற்றிருக்கும் பிள்ளையாருக்கு என் வணக்கம். மேடையிலிருந்து இறங்கியதும் நேராகச் சுலோச்சனா அண்ணி வீட்டுக்குப் போகிறேன். மூன்று வருடம் கழித்துத் தட்டுகிற கதவு, திறப்பாரோ மாட்டாரோ தெரியாது. பஜனைத் தாளம் வைத்திருப்பவர்கள் என்னோடு வாருங்கள்.