அவரவரை அவரவரோடு

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, நம் லாரிகள் நாளையும் கண்ணாடி ஏற்றும்! இதைச் சொல்லாமல் வணக்கம் சொன்னால் யார் காதிலும் ஏறாது என்பதால் முந்திக்கொண்டேன். இனி முறைப்படி: அவைக்கு அழகு சேர்க்கும் சங்கத் தலைவர் அவர்களே, தலை நரைத்தும் கை தளராத மூத்த ஓட்டுநர்களே, வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை வயிற்றில் நெருப்போடு காத்திருக்கும் தாய்மார்களே, வணங்குகிறேன்!

வழியெல்லாம் கண்ணாடி உடைகிறது, திடீர் பிரேக்கைக் குறைக்காவிட்டால் வேறு லாரி பார்ப்போம் என்றது ஆலை. எத்தனை வீட்டு அடுப்பு அது! பயிற்சி கொடுத்தோம். அதற்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம், யார் எத்தனை முறை மிதித்தார் என்று வண்டியில் பொருத்திய பெட்டி எண்ணியது. ஆலை மேலாளர் இரண்டு சராசரிகளையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஒருத்தர் நாலு தடவை மிதிக்கிறார், ஒருத்தர் நாப்பது. இந்தக் கூட்டத்துல சராசரி மூணு குறைஞ்சதை எப்படி சார் நம்புறது?"

நாலு யார்? நம் ஆமை. நாற்பது? வேறு யார், ராக்கெட்! சிரிக்காதீர்கள், அன்று அந்தக் கணக்கை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

புள்ளியியல் பேராசிரியையான என் மச்சினிதான் கேட்டாள்: "ஆமையையும் ராக்கெட்டையும் ஏன் மாமா மோத விடுறீங்க? அவரவரை அவரவரோட ஒப்பிடுங்க!"

இணை மாதிரி டி-சோதனை! பெயர்தான் மிரட்டும், வேலை நம் கடைக் கணக்குதான். ஒரே ஆளின் முன் எண்ணும் பின் எண்ணும் ஓர் இணை; முன் எண்ணிலிருந்து பின் எண்ணைக் கழி. அந்த வித்தியாசங்களுக்குச் சராசரி எடு. வித்தியாசம் ஆளுக்கு ஆள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதோடு அதை நிறுத்துப் பார். ஆமைக்கு இரண்டு குறைந்தது, ராக்கெட்டுக்கு ஐந்து குறைந்தது... என்ன? யார் அங்கே கை தூக்குவது?

"அண்ணே, எனக்கு ஒண்ணு கூடிப்போச்சே!"

தெரியும் தம்பி, உட்கார்! "அவனை மட்டும் விட்டுடலாமா?" என்று மச்சினியிடம் குழைந்தேன். "விட்டா அது கணக்கு இல்ல மாமா, கதை" என்றாள். விடவில்லை, உன்னையும் சுமந்துகொண்டே கணக்கு கரையேறியது!

பயிற்சியால் ஒன்றுமே மாறவில்லை என்றால், இவ்வளவு பெரிய மாற்றம் தற்செயலாய் வர நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்றது சோதனை. மேலாளர் தானே ஒருமுறை கழித்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்!

அடுத்தவரையா வென்றீர்கள்? இல்லை! பக்கத்து வண்டியையா வென்றீர்கள்? இல்லை! நேற்று மிதித்த உங்கள் காலை, இன்று நிதானித்த உங்கள் காலே வென்றது!

மச்சினிக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி, பேசி முடித்ததையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்: இரண்டு ஆண்டு, பழைய வாடகை, காசு குறையாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனை. ஆள் மாறினால் இணை உடையும் என்பதால், ஓட்டுநர்களில் ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.