மூணாம் ஜன்னல்

அதுல உக்காராதீங்கம்மா, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. புதுசா? பாத்தாலே தெரியுதே, ஃபைலக் கொழந்தையாட்டம் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. எங்கள மாதிரிப் பழைய ஆளுங்க அத முதுகுக்குக் குடுத்துச் சாஞ்சுக்குவோம். அந்த ஃபைலால இதுவரைக்கும் கண்ட பலன் அது ஒண்ணுதான்.

எந்த வேலை போச்சு? துணிக்கடையா? ம்ம். எனக்கு ஃபிரிட்ஜ் கம்பெனி. கதவுக்கு பெயிண்ட் அடிக்கிற வேலை. ஒரு நாள் ஒரு இரும்புக் கையக் கொண்டாந்து நிறுத்தி, கைதட்டுங்கன்னானுங்க. நாங்களும் தட்டுனோமே, அறிவு கெட்ட கூட்டம்! அடுத்த மாசமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க.

சீட்டக் காட்டுங்க. அஞ்சாம் ஜன்னலா? குடுத்து வெச்சவங்க. அந்தாளு தூங்குமூஞ்சி, ஆனா காரியம் நடந்துரும். எனக்குப் பாருங்க, மூணு. சீட்டுக் குடுக்குற மெஷினுக்குக்கூட என்னக் கண்டா இளக்காரம்.

உதவித்தொகை சீக்கிரம் வந்துரும்னு சொன்னாங்களா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. எப்பக் கேட்டாலும் பரிசீலனையில இருக்குன்னு ஒரே பாட்டு. என்னத்தப் பரிசீலிக்கிறானுங்களோ! எனக்கு வேலை இல்லேங்கறத எங்க வீட்டு அரிசி டப்பாவத் தொறந்து பாத்தாலே தெரிஞ்சுக்கலாம்.

இதுல பயிற்சி வேற. இன்னிக்கு இந்த வேலைவாய்ப்பு ஆபீஸ் மூடுறதுக்குள்ள ஏதாவது ஒண்ணுல சேர்றேன்னு கையெழுத்துப் போட்டாகணும். இல்லேன்னா என் பேரையே அடிச்சுருவாங்களாம். என்ன பயிற்சியா? அதையேன் கேக்குறீங்க. பூங்கொத்து கட்டுறது, நாய்க்கு முடி வெட்டுறது. பெயிண்ட் அடிச்சுக் காச்சுப் போன இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் போய் வெட்டுனா நாய் சும்மா விடுமா? நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போறதுன்னு ஒரு வகுப்பு, அதுக்குப் போயிட்டு வந்தாச்சு. நிமிர்ந்து உக்காரு, சிரிச்ச முகமா இருன்னு ஒருத்தர் உயிர எடுத்தாரு. அந்தத் தூண்கிட்ட நீலச் சட்டை உக்காந்திருக்கே, அவருதான் அந்த வாத்தியார். அவரையும் போன மாசம் தூக்கிட்டாங்க. எங்க நிமிர்ந்திருக்காரு, சொல்லுங்க பாப்போம்? சிரிப்பையும் காணோம்.

இவங்க எல்லாரையும் விட அந்த மூணாம் ஜன்னல் பொண்ணு இருக்கா பாருங்க, கண்ணாடி போட்டவ. ஒரு தடவையாவது தலைய நிமித்துறாளா? பெரிய மகாராணி. முதல் தடவ என் நம்பர் அவகிட்டதான் விழுந்துச்சு. ஃபைலத் தொறந்தா, பேரப் பாத்தா, சடார்னு எந்திரிச்சு நின்னுட்டா. என்னால இதப் பாக்க முடியாது சார்னு மேலாளரக் கூப்பிட்டு, இந்த ஹாலே கேக்குற மாதிரி சொல்றா. அத்தன பேரும் என்னத் திரும்பிப் பாக்குறாங்க, என்னமோ நான் திருடிட்டு வந்தவன் மாதிரி. அன்னிக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போன ஃபைல், இப்பத்தான் ஆடி அசைஞ்சு திரும்பி வந்திருக்கு. மறுபடியும் அவகிட்டப் போய் நின்னேன்னா மறுபடியும் மேலதான் போகும். அப்புறம் எங்க இன்னிக்குக் கையெழுத்துப் போடுறது?

அதனால ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. சீட்ட மாத்திக்கலாமா? பேரெல்லாம் அதுல கிடையாது, வெறும் நம்பர்தான். உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது. சேச்சே, உங்ககிட்ட அப்படி நடந்துக்க மாட்டாம்மா. வேலை தெரிஞ்ச பொண்ணு. ஒரு எழுத்து தப்பிருந்தாலும் அவளே திருத்திக் குடுத்துருவா. மத்தவங்க மாதிரி நாளைக்கு வான்னு விரட்டுறவ இல்ல.

திட்டுனேன்தான். திட்டக்கூடாதா? இந்த ஆபீஸ்ல சொந்தக்காரங்க ஃபைல யாரும் தொடக்கூடாதாம், எந்திரிச்சு நின்னு சொல்லிறணுமாம். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல, என்ன செய்வா பாவம். வீட்ல வந்து நாலு நாள் எம் மூஞ்சியப் பாக்காமயே சாப்பிட்டா. ஆமா, எம் பொண்ணுதான். தலைய நிமித்த மாட்டேங்குறான்னேன்ல? நிமிந்தா நேரா நான்தானே தெரிவேன்.

ரொம்ப நன்றிம்மா. இந்தாங்க என் சீட்டு. அட, அதான் கூப்பிடுறாங்க, போங்க போங்க. ஒரு நிமிஷம்... இந்த டப்பாவையும் ஜன்னல் வழியா அவகிட்டக் குடுத்துருங்க. காலைல அவசரத்துல சாப்பாட்ட வெச்சுட்டு ஓடிட்டா. அப்பா குடுத்தாருன்னு மட்டும் சத்தமாச் சொல்லிராதீங்க. மறுபடியும் எந்திரிச்சு நின்னுருவா.