முதல் வகுப்பு ரத்தம்

எனக்கு இனிப்பு பிடிக்காது, ஐயா. தைப்பிங்கில் மழை பெய்யாத நாளைக்கூடக் காட்டிவிடலாம். நான் லட்டு தின்ற நாளைக் காட்ட முடியாது. தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ரத்தம் அத்தனை சுத்தம். கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் ஒரு மிஸ்ஸி, இதைப் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்றாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

என் நண்பன் அப்பளசாமி அப்படியல்ல. ரயில்வேயில் கார்டாக இருந்தவன். இனிப்பு நீர் வியாதி வந்த பிறகும் ரொட்டி சானாயைச் சீனியில் புரட்டித் தின்பான். அரசாங்கக் கிளினிக்கில் அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். முடிவைப் பார்த்து டாக்டர் ஷாஹிரா திட்டுவார், திட்டிவிட்டுக் கண்கலங்குவார். திட்டு அவனுக்கு உறைக்காது. கண்ணீரைத்தான் தாங்க மாட்டான்.

"அந்தப் பொண்ணு என்னை நம்புது, வாத்தியாரே. அது மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஃபெயிலாக முடியல."

"அப்ப சீனிய விட்டுத் தொலைடா."

"அதுவும் முடியல."

இப்படிப்பட்ட மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்க மாட்டார்கள், ஆனால் வீட்டில் யாரும் அழக்கூடாது. அவர்களைக் கரையேற்றுவதுதானே என் பிழைப்பாக இருந்தது?

அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, முகக்கவசம் மாட்டிக்கொண்டு போனேன். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். என் கையை நீட்டினேன். அட்டைப் படத்தில் அவனே அவனைப் போல இருக்க மாட்டான், நான் அவனைப் போல இல்லாவிட்டால்தான் என்ன? மிஸ்ஸிகள் முகம் பார்ப்பதில்லை, நரம்பு பார்ப்பார்கள். எனக்கு நரம்பு அருமையாக எழும்பும்.

முடிவு வந்தபோது டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். "அங்கிள், எப்படி அங்கிள் செஞ்சீங்க? மத்த பேஷண்டுங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்." மாத்திரையைக் குறைத்தார். முன்மாதிரி நோயாளி என்று அவன் படத்தைக் கிளினிக் சுவரில் மாட்டினார். அவன் மனைவி நரசம்மா, "டாக்டரே சொல்லிட்டாங்க, இனிமே என்ன பயம்" என்று கேசரி கிண்டினார். மனைவி டாக்டரை நம்பினார், டாக்டர் காகிதத்தை நம்பினார், காகிதம் என்னை நம்பியது. அந்தக் குடும்பத்தில் அவ்வளவு நம்பிக்கையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகும் அவன் முறை வந்தபோதெல்லாம் நானே போனேன்.

படம் எடுக்க வாங்கிய புதுச் சப்பாத்து அவன் கால்விரலைக் கடித்திருந்தது. அந்தப் புண் ஆறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"புண்ணப் பாத்தா சீனி ஏறின மாதிரிதான் இருக்கு. ரிசல்ட் இவ்வளவு நல்லா இருக்கே. மெஷின்தான் கோளாறோ என்னமோ. எனக்காக இன்னொரு தடவை ரத்தம் குடுங்க, அங்கிள்."

கவனியுங்கள். இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாரே தவிர அவனைச் சந்தேகப்படவில்லை.

வெளியே வந்ததும் அப்பளசாமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "வாத்தியாரே, விரல் கறுத்துக்கிட்டு வருது. உண்மையச் சொல்லிரலாமா? கால் போயிருமோன்னு பயமா இருக்கு."

"சொன்னா அந்தப் பொண்ணு இனிமே எந்தக் கிழவனையாச்சும் நம்புமா? செவுத்துல இருக்கற உன் படத்த யாரு கழட்டுறது? நரசம்மாகிட்ட என்னன்னு சொல்லுவ?"

அவன் என் சட்டையை விட்டான். "நீ படிச்சவன். நீ சொன்னா சரிதான்."

மறுநாள் நான் கையை நீட்டினேன். முடிவு முன்னதைவிட ஒரு படி மேல். முந்தின மாலை ஏரிப் பூங்காவை நன்றாகச் சுற்றி நடந்துவிட்டுத்தான் போயிருந்தேன். நான் எதையும் பொறுப்பில்லாமல் செய்கிறவன் அல்ல. டாக்டர் சமாதானமாகி, களிம்பு எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்களாம். கருவி எண்ணைக் காட்ட மறுத்து, 'அதிகம்' என்று மட்டும் காட்டியதாம். காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். காலைத் தொடர்ந்து அவனும் போய்விட்டான்.

நரசம்மா சுகாதார இலாகாவில் உங்களிடம் கொடுத்திருக்கும் புகாரைக் கேள்விப்பட்டேன். "எம் புருசன் ரத்தத்தக் கொட்டிட்டு எவனோ ஒருத்தன் ரத்தத்தச் சோதிச்சிருக்காங்க" என்கிறார். பாவம், டாக்டர் ஷாஹிராவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அந்த 'எவனோ' என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிடாமலே நான் வந்தது அதற்காகத்தான்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. டாக்டர்மேல் தவறில்லை, இயந்திரத்தில் கோளாறில்லை. அது என் ரத்தம். ஒவ்வொரு முறையும் முதல் வகுப்பில் தேறிய ரத்தம். நான் பொறுப்பேற்ற பிறகு, அப்பளசாமி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் கையைத் தானே நீட்டியது ஒரே ஒரு முறைதான், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில். அதில் தோற்றுவிட்டான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?