இன்னும் கொஞ்சம் தள்ளி

எந்தக் கேமரா வாங்கலாம் என்று நீங்கள் கேட்டது டீ வருவதற்கு முன்பா பின்பா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. டீ வந்ததா என்பதிலேயே இப்போது சந்தேகம். கொஞ்ச நாளாக இப்படித்தான், சின்ன விஷயங்கள் இடம் மாறிவிடுகின்றன. ஆனால் ஸ்டேஷனில் நீங்கள் வழக்குக் கோப்பை மூடி நாடாவைக் கட்டிவிட்டு, "ஒண்ணு கேக்கணுங்க. எம்பொண்ணு கலையரசி கேமரா கேட்டு உசுர வாங்குறா. ஒங்ககிட்ட ரெண்டு இருந்துச்சே, எது தேவலாம்?" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும், சின்னதுரை சார்.

இரண்டில் ஒன்று சரத்குமாருடையது. அவன் கொள்ளிடத்தில் போன விஷயம்தான் அந்தக் கோப்பில் இருந்தது. எதிர்பாராத விபத்து என்று எழுதி முடித்தீர்கள். உங்கள் மேல் தவறு இல்லை. நான் கொடுத்ததை வைத்து அப்படித்தான் எழுத முடியும்.

முதலில் கேமராவைச் சொல்லிவிடுகிறேன். சரத்குமாருடையது மிரர்லெஸ், லென்ஸைக் கழற்றி மாற்றலாம், அந்த வகையில் விலை குறைந்தது. அதன் சென்சார் தபால்தலை அளவு இருக்கும். என்னுடையது சூப்பர்ஜூம், தூரத்தை இழுக்கிற லென்ஸ் அதிலேயே இருக்கும். அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சென்சார் பெரிதாக இருந்தால் வெளிச்சத்தை நிறையக் குடிக்கும். மண்டபத்து மங்கலிலும் மணப்பெண்ணின் முகத்து மஞ்சள்பூச்சு வரை அவனுக்குக் கிடைக்கும். என்னுடையதில் பொழுது சாய்ந்தால் படம் முழுக்கப் புள்ளி விழுந்துவிடும். ஆனால் மிரர்லெஸ்ஸோடு சேர்ந்து வருகிற சின்ன லென்ஸுக்குத் தூரம் எட்டாது. நீள லென்ஸ் தனியாக வாங்க வேண்டும், அந்த வசதி அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. என்னுடையதை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தால் நடு ஏரியில் நிற்கிற பறவை கண் சிமிட்டுவதைப் பார்க்கலாம். அது கிட்டே போகிறவர்களுக்கான கேமரா. இது தள்ளி நிற்கிறவர்களுக்கானது. மற்றதெல்லாம் விளம்பரம்.

நான் தள்ளி நிற்கிறவன். திருமானூர்ப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் கிளை நூலகராக இருந்தேன். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினவன் என்று என்னைக் கேலி செய்வார்கள். ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைகளில் கரைவெட்டி ஏரிக்குப் போவேன். ஒரு பறவையும் என்னால் இடம் பெயர்ந்ததில்லை. என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற விஷயம் அது ஒன்றுதான்.

சரத்குமார் பெரம்பலூர்க்காரன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று படம் எடுப்பான். வேலை இல்லாத நாளில் ஏரிக்கு வருவான். முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டான். பொட்டலத்தில் போண்டா வாங்கி வந்து பாதியை என் மடியில் வைப்பான். நான் பதில் பேசாவிட்டாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசிக்கொள்வான். கெட்டவன் இல்லை. கெட்டவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

போன வருஷம் மாசியில், தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரத்தில் பாம்புத்தாரா கூடு கட்டியிருந்தது. கழுத்து பாம்பு மாதிரி நெளியும், கறுப்புப் பறவை. நாலு முட்டை. அதற்காகவே எட்டு நாளாகத் தினமும் போய்க் கரையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். சரத்குமாரின் லென்ஸுக்கு அந்தக் கூடு ஒரு கறுப்புப் பொட்டு. அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனான். பறவை எழுந்து பறந்தது. கூட்டை மறைத்த கிளை ஒன்றை நைலான் கயிற்றால் இழுத்துப் பக்கத்துக் கிளையில் கட்டினான். கரைக்குத் திரும்பி அரைமணி நேரம் காத்திருந்தான். பறவை வந்ததும் மறுபடி இறங்கி, ஊர்ந்து போய், கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தான். அற்புதமான படம். அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் ஏதோ வளைகாப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டான். கயிற்றை அவிழ்க்கவில்லை. நிழல் போன கூட்டில் வெயில் நேராக விழுந்தது. நாலு நாளில் முட்டை வெந்துவிட்டது. அந்த நாலு நாளும் நான் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, அறுபத்து மூன்று.

அந்தப் படம் அரியலூரில் நடந்த கண்காட்சியில் வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டது. என்னுடையது ஒன்று, செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே. அங்கே வைத்து எல்லார் முன்னாலும் கேட்டான். "அண்ணே, இது பறவையா, இல்ல யாராச்சும் கோலமாவக் கொட்டிட்டாங்களா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதனால்தான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அதற்காகத்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன். அது காரணம் இல்லை. காரணம் நாலு முட்டை.

ஆகஸ்டில் அவனே போன் செய்தான். "அண்ணே, ஒரு வீடியோ போடலாமா? ஒரே எடம், ஒரே ஆளு, ரெண்டு கேமரா. ஒங்க டப்பாவா என் டப்பாவான்னு பாத்துருவோம். நான் அட்டையில எழுத்தா எழுதிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டுலயும் நீங்களே எடுங்க. கை நடுங்காத ஆளு நீங்கதான்."

எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டான். கொள்ளிடம் என்று நான்தான் சொன்னேன். வேறு எங்கேயும் மரம் மறைக்கும் என்றேன். அது உண்மைதான். கொள்ளிடத்து மணலில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றும் இருக்காது.

அவன் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். மேலணையில் தண்ணீர் திறந்திருக்கிறது, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அது காதில் விழவில்லை, டிவி ஓடிக்கொண்டிருந்தது என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். என் வீட்டில் டிவி இல்லை சார். ஆட்டோ என் வாசலில் நின்றுதான் திரும்பியது. இரண்டு தடவை கேட்டேன்.

காலை ஏழரை பஸ்ஸில் வந்து இறங்கினான். கக்கத்தில் வெள்ளை அட்டை. இருவரும் கரைமேல் நடந்து, பாலத்துக்கு மேற்கே ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு இடத்துக்குப் போனோம். ஆறு காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

"இதுவாண்ணே ஆறு? எங்கூரு கிரிக்கெட் கிரவுண்டு மாதிரில்ல இருக்கு."

பெரம்பலூரில் இப்படி ஆறு கிடையாது. பருத்தியும் மக்காச்சோளமும் பார்த்து வளர்ந்தவனுக்கு மணல் என்றால் தரை. மணலுக்கு அடியில் ஆறு இருக்கிறது என்பதும், லாரிகள் அள்ளிப் போன பள்ளங்கள் மேலே மூடி உள்ளே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் என்பதும் அவனுக்கு எப்படித் தெரியும். வெள்ளம் என்றால் பனைமரம் உயரத்துக்கு இரைந்துகொண்டு வரும் என்று நினைத்திருப்பான். கொள்ளிடத்தில் அப்படி வராது. பூனை மாதிரி வரும். முதலில் கரையோரத்துத் தாழ்வான வாய்க்கால் நிறையும். நடுமணலில் நிற்கிறவனுக்குச் சத்தமே கேட்காது. அவன் திரும்பிப் பார்க்கும்போது கரைக்கும் அவனுக்கும் நடுவில் ஆறு இருக்கும்.

அட்டையில் ஆறு வரி எழுதியிருந்தான். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறியது. கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டான். "இத மட்டும் இப்பக் காட்ட மாட்டேன். அங்கேருந்து படிங்க பாப்போம்." எனக்குப் போன் போட்டு, அதன் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தான்.

நூறு தப்படியில் நிற்கச் சொன்னேன். இரண்டு கேமராவிலும் எடுத்தேன். மிரர்லெஸ்ஸில் முதல் இரண்டு வரி கிடைத்தது. இருநூறில் முதல் வரி மட்டும், அதுவும் அரைகுறையாக. முன்னூறில் சரத்குமார் ஒரு தீக்குச்சி, அட்டை ஒரு வெள்ளைப் புள்ளி.

"என்னண்ணே, என் டப்பா புட்டுக்கிச்சா?"

"புட்டுக்கிச்சு."

"ஒங்களுது?"

"அஞ்சு வரி தெரியுது."

"அடேங்கப்பா. போதுமா, இன்னும் போகவா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ."

போனான். அப்போதுதான் மேற்கே வாய்க்காலில் தண்ணீர் தெரிந்தது. மிரர்லெஸ் படத்தில் அது ஒரு கோடு. ஈரமணல் என்றும் சொல்லலாம். நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள். என் கேமராவில் அது நுரை. நுரைக்கு முன்னால் சருகும் ஒரு நீல ரப்பர் செருப்பும் உருண்டு வந்துகொண்டிருந்தன. செருப்பின் வார் அறுந்திருந்தது வரை தெரிந்தது.

ஜூம் கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது, அன்றைக்கு மிரர்லெஸ்ஸில்தான் எல்லாம் எடுத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அதன் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். என் கார்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் மணி இருக்கிறது.

எட்டு நாற்பத்திரண்டுக்கு எடுத்த படத்தைப் பாருங்கள். அவன் சிரித்துக்கொண்டு அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறான். கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பெரிதாக்கினால் படிக்கலாம். "அந்தக் கயித்த நான் அவுத்திருக்கணும்ணே."

அவனைக் கரைக்குக் கூட்டி வர அந்த நேரத்தில் இரண்டு நிமிஷம் இருந்தது. ஓடி வந்தால் முழங்கால் நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

"கடேசி வரியப் படிச்சீங்களாண்ணே?"

இந்த வரியைப் பிற்பாடு, படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் படித்தேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நினைவிலும் பதிந்திருந்தது. அது சரியில்லை. ஆற்றங்கரையில் நின்றே படித்தேன். கேமராத் திரையில் பெரிதாக்கி, இரண்டு தடவை.

"வெயிலு பளிச்சுன்னு அடிக்குது, தெரியல" என்றேன். "பின்னாடி நாணல் இருக்கு பாரு, அதுக்கு அந்தாண்ட போயி நில்லு. நெழல்ல தெரியும்."

நாணலுக்கு அந்தப் பக்கம்தான் பள்ளங்கள். எனக்கு அந்த இடம் சிறு வயதிலிருந்து தெரியும்.

"சரிண்ணே" என்றான்.

மன்னிப்புக் கேட்டுவிட்டானே என்று நீங்கள் சொல்லலாம். முன்னூறு தப்படிக்கு அப்பால், எறும்பளவு எழுத்தில், ஒரு போட்டியின் நடுவில் எழுதிக் காட்டுவதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறுமாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றவனுக்கு வாய் இருந்தது.

தண்ணீர் நாணலைச் சுற்றியதும் கூப்பிட்டான். முதலில் போனில், பிறகு நேராக. "அண்ணே, தண்ணி வருதுண்ணே. எந்தப் பக்கம் வரட்டும்? சொல்லுங்கண்ணே." நான் பதில் சொல்லவில்லை. அவன் கால் வைத்த இடத்தில் மணல் சரிந்தது. அதையும் எடுத்தேன், பதினொரு படம். புள்ளி விழவில்லை, நல்ல வெளிச்சம். பிறகு கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினேன். சத்தம் கேட்டு ஆடு மேய்க்கிற சிங்காரவேலு கரைமேல் ஓடி வந்தபோது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவன் சொன்ன சாட்சி பொய்யில்லை. அவன் பார்த்ததைத்தான் சொன்னான்.

இதையெல்லாம் படித்தபின் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். போலீஸ்காரருக்கு வராமல் இருக்காது. அந்த நாலு நாளும் நீங்கள் ஏரியில் இருந்தீர்களே, கயிற்றை நீங்களே போய் அவிழ்த்திருக்கலாமே என்பீர்கள். அவிழ்க்க வேண்டுமென்றால் தண்ணீரில் இறங்கிக் கூட்டுக்குக் கிட்டே போக வேண்டும். நான் கூட்டுக்குக் கிட்டே போவதில்லை. அது என் கொள்கை. ஒருவன் செய்த தப்புக்காக நான் கொள்கையை விட முடியாது.

நான் செய்தது இதுதான்: சரத்குமாரைத் தண்ணீர் வரும் என்று தெரிந்தே ஆற்றில் இறக்கினேன், பள்ளம் என்று தெரிந்தே அதன் பக்கம் அனுப்பினேன், கூப்பிட்டபோது பேசாமல் இருந்தேன். நீங்கள் எப்போது வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். வருத்தம் தெரிவிக்கச் சொல்லாதீர்கள்.

அவன் உடம்பு மூன்றாம் நாள் கிடைத்தது, உங்களுக்கே தெரியும். சிங்காரவேலு ஆடுகளை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். சரத்குமாரின் அம்மா கலியம்மாள் தை மாதம் இறந்துபோனாள். அவன் மனைவி வெற்றிச்செல்வி பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அவன் உயிரைக் காப்பாற்ற ஆற்றில் குதித்தவன் என்று என்மேல் அவளுக்கு மரியாதை. "அவரு ஞாபகமா நீங்களே வெச்சிக்கிங்கண்ணே" என்று மிரர்லெஸ்ஸை என்னிடமே கொடுத்துவிட்டாள். பாம்புத்தாரா இந்த வருஷம் வேறு ஏரிக்குப் போய்விட்டது.

வெற்றிச்செல்விக்கு அண்ணன் தம்பி கிடையாது. போன மாதம் கல்லங்குறிச்சிக் கோயிலில் அவர்கள் குழந்தை வேணிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடி வேண்டும் என்று என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. அவளுக்கு அப்பன் கண். தூரத்தில் மதில்மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. குத்தி முடிக்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.