மேல் தட்டு ஜாடி

— ஆடாம நில்லுங்க. பட்டன் ஓட்டையே கண்ணுக்குத் தெரியல.

— நான் தச்ச சட்டையில ஓட்டை சரியாத்தான் இருக்கும். உன் கண்ணாடிய மாத்து.

— ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற டெய்லர். தன் சட்டையப் போட்டுக்க மட்டும் பொண்டாட்டி வேணும்.

— ஆசைக்கா நிக்கிறேன்? தோள் இறுகிப் போனா நான் என்ன பண்றது... கை நெஞ்சுக்கு மேல வர மாட்டேங்குதே.

— ம்... இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிடும். ரத்த ரிப்போர்ட் வந்திருக்கு.

— என்னவாம்?

— உடம்புல வீக்கம் இருந்தா ஏறுமாமே ஒரு அளவு, அது நல்லா இறங்கிடுச்சாம். தோள் கொஞ்சமாவது இளகியிருக்கணுமேன்னு டாக்டரம்மா போன்ல கேக்குறாங்க.

— ரத்தத்துக்கு என்ன தெரியும் என் தோளைப் பத்தி.

— அவங்களும் அதான் சொன்னாங்க. ரத்தத்த மட்டும் வச்சுச் சொல்ல முடியாதாம். கை இன்னும் ஏறலைன்னா மயக்கம் குடுத்துப் படுக்க வச்சு, தோள அழுத்தித் திருப்பி விட்டுடலாமாம். இன்னைக்கே தேதி வாங்கிட்டு வந்துடலாம்.

— மயக்கமா... எதுக்கும்மா அவ்வளவு தூரம்? பயிற்சியே போதும்.

— எத்தனை மாசமா சுவத்துல விரல ஏத்தி ஏத்தி இறக்குறீங்க. பிசியோ பொண்ணே சலிச்சுப் போச்சு.

— சரி... சர்க்கரை எப்படி?

— அதுதான் கவலை. மூணு மாச சர்க்கரை போன தடவையவிட நல்லாவே ஏறியிருக்கு. இப்படியே விட்டா அடுத்த தோளும் இறுகலாமாம். அப்புறம் கத்திரிய வாயாலதான் பிடிக்கணும்.

— நீ குடுக்கிறதத்தானே சாப்பிடுறேன்.

— எனக்கும் அதான் புரியல. பிஸ்கட் ஜாடியக்கூட மேல் தட்டுல வச்சுட்டேன்.

— ம்.

— ரெண்டு கையையும் தூக்காம அத இறக்க முடியாது. ஒத்தக் கையால இழுத்தா தலையில விழும்.

— ம்...

— நேத்து இறக்கிப் பார்த்தேன். அடியில தூள்தான் கிடக்கு.

— எறும்பு...

— எறும்பு மூடியத் திருகித் திறந்து, தின்னுட்டு, திரும்ப இறுக்கி மூடியும் வச்சிருக்கு. ரொம்ப நல்ல எறும்பு.

— நேரமாச்சும்மா, பட்டனப் போடு.

— கையத் தூக்குங்க.

— வலிக்கும்டி.

— தூக்குங்கன்னேன்.

— ...இந்தா. போதுமா?

— காதையும் தாண்டிப் போகுது. ஏங்க... மயக்க ஊசி வரைக்கும் போயிருப்பீங்களே.

— சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல.

— ஏன் வரல?

— உன் தையல் மிஷின உன்னக் கேக்காம வித்துட்டேன்ல... அன்னையிலேருந்து நீ அந்த ரூம்ல, நான் இந்த ரூம்ல. சாப்பாடு இருக்கு, கடைச் சாவி எங்க... அவ்வளவுதானே நமக்குள்ள பேச்சு. கை வராமப் போனப்புறம்தான் நீ காலையில இப்படிப் பக்கத்துல வந்து நின்ன. சரியாயிடுச்சுன்னு சொன்னா...

— சொன்னா?

— வர மாட்டியோன்னு பயமா இருந்துச்சு.

— நல்ல ஆளு. அதுக்கு எதுக்கு பிஸ்கட்?

— முதல்ல கை எட்டுதான்னு பார்க்கத்தான் எடுத்தேன்.

— அப்புறம்?

— அப்புறம்... எட்டுச்சே.

— சிரிக்காதீங்க. இன்னொரு தோளும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? மிஷின் போன வருத்தம்கூட ஆறிடுச்சு எனக்கு. இத என்னால தாங்க முடியாது.

— இனிமே தொட மாட்டேன். சத்தியமா... அப்போ நாளையிலேருந்து பட்டன நானே போட்டுக்கணுமா?

— நிமிருங்க. கழுத்துப் பட்டன் பாக்கி இருக்கு.

— அதான் கை சரியாயிடுச்சுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சே உனக்கு.

— இப்பவா? தினம் ராத்திரி உங்களுக்குப் போர்வையப் போர்த்திவிட வர்றேன்... அந்தக் கையத் தலைக்கு மேல தூக்கிப் போட்டுக்கிட்டுத்தான் எப்பலேருந்தோ தூங்குறீங்க. ஆடாம நில்லுங்க.