முகம் காட்டாத கணவர்

சாயங்காலம் ஏழு மணி. ஊரடங்குக் காலம். ஆஸ்பத்திரிச் சாலையில் ஈ காக்கை கிடையாது... சிக்னல் மட்டும் யாருக்கோ பச்சை காட்டிக்கொண்டிருந்தது. கிட்டே வந்து உட்காருங்கள். இது என் தோழியின் அக்காவுக்கு நடந்தது.

அக்கா தோல் டாக்டர். தொற்றுக்குப் பயந்து நோயாளிகள் யாரும் நேரில் வருவதில்லை, எல்லாம் வீடியோவில்தான். காலியான வார்டு, கிருமிநாசினி நெடி, ஒரு நர்ஸ், அவ்வளவுதான். அன்றைக்குப் படை, சொறி எல்லாம் பார்த்து முடித்தபின் கடைசியாக ஓர் ஆண் குரல்.

"டாக்டர், என் சம்சாரத்துக்குக் காலெல்லாம் செவந்து கெடக்கு."

திரையில் ஒரு பெண்ணின் கால். முழுக்கக் கருஞ்சிவப்புத் திட்டுகள். அடித்துப் போட்டிருக்கிறானோ? அக்காவுக்குச் சுருக்கென்றது.

"அவங்களைப் பேசச் சொல்லுங்க."

"தூங்குறா."

"உங்க முகத்தைக் காட்டுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்."

இயர்போனில் குரல் காதோரம் கேட்டது... மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

"திட்டு மேல கட்டைவிரலால அழுத்துங்க."

தோலில் குழி விழுந்தது. விரல் தெரியவில்லை. படம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அழுத்தியும் திட்டு வெளுக்கவில்லை. அப்படியென்றால் தோலுக்கடியில் ரத்தக்கசிவு. உயிருக்கே ஆபத்து.

அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பதிவிலிருந்த முகவரிக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லி நர்சுக்குச் சாடை காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் வீடியோவில் இடிக்கும் சத்தம். உள்தாழ்ப்பாள் தெறித்தது. கவச உடையில் இரண்டு பேர் நுழைந்தார்கள். ஆள் நின்று பார்க்கிற உயரத்திலிருந்து படம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது...

நர்சின் போனில் டிரைவர் பேசினார். "மேடம், அந்தம்மாவுக்கு நெனவில்ல. மூச்சு இருக்கு."

"அந்த ஆளை விடாதீங்க!"

"எந்த ஆளு? இங்க வேற யாருமே இல்லையே மேடம்."

திரையில் டிரைவர் நேராக அக்காவைப் பார்த்தபடிதான் அதைச் சொன்னார்.

"நான் நகர்ந்துக்கிறேன்," என்றது காதோரக் குரல். "அவளைத் தூக்கட்டும்."

படம் மெல்லச் சுவரோரம் ஒதுங்கியது... அணைந்தது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறியதும் அக்கா வார்டுக்குப் போய் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

அவள் சிரித்துவிட்டாள்.

"வீட்டுக்காரரா? எனக்குக் கல்யாணமே ஆகலையே டாக்டர். நான் தனிக்கட்டை... ஆமா, நாளைக்கு நான் வீட்டுக்குப் போகலாமில்ல?"