மேல்வீட்டு மீட்டர்

கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருங்கள், அம்மணி. வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருந்தால் வெளியே இறங்கும்போது அதன் அருமை தெரியாது என்று எங்கள் கிரிம்ஸ்பி ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். என் அம்மா சொன்னவற்றில் இன்றுவரை பொய்யாகாதது அது ஒன்றுதான். இங்கே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பின்னறையில் ஹீட்டர் ஓடுகிறது. அது டோரீனின் அறை. என் மனைவிக்கு நுரையீரல் சரியில்லை. இருபத்தொரு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

மேவிஸைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரே வீடாக இருந்ததை எவனோ ஒரு வீட்டுக்காரன் இரண்டாக வகுந்து வாடகைக்கு விட்டான். கீழே நாங்கள், மேலே மேவிஸ். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். புருஷன், பிள்ளை கிடையாது. லிங்கன் ஊர்ப்பக்கம் அண்ணன் மகள் ட்ரேசி ஒருத்திதான். இந்த வீட்டுக்கு கேஸ் இல்லை. சமையல், வெந்நீர், கணகணப்பு எல்லாமே கரண்டில்தான். இரண்டு வீட்டு மீட்டரும் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கின்றன. மேவிஸின் முழங்கால் குனிய மறுத்த நாளிலிருந்து அவள் மீட்டரையும் நான்தான் பார்த்துச் சொல்வேன். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தானே.

எனக்குச் சிக்கனக்காரன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. டோரீனுக்கு வியாதி வந்த முதல் குளிர்காலத்தில் அந்தப் பெயரைக் காப்பாற்ற ஹீட்டரைக் குறைத்து வைத்தேன். ஒரு விடியலில் அவள் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெவில், மிச்சம் பிடிச்சது போதும்பா, என்னைக் கொஞ்சம் செலவழி" என்றாள். மூச்சுவிட முடியாத நிலையிலும் கிண்டல். அன்றோடு இரவும் பகலும் ஹீட்டரை ஓடவிட்டேன். பில் வரட்டும், கட்டிலை விற்றாவது கட்டலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பில் ஏறவில்லை. பழையபடியே வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிளப்பில் உட்கார்ந்து பியரும் கையுமாகப் பாடம் நடத்தினேன். ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணியுங்கள், உள்பனியன் இரண்டு போடுங்கள், கதவடியில் பாயைச் சுருட்டி வையுங்கள் என்றெல்லாம். ஒருத்தன் அதை நிஜமாகவே சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டான். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அதே காலத்தில் மேலே மேவிஸின் பில் எகிறிக்கொண்டிருந்தது. "என்ன நெவில், நான் மேல மீன் பொரிக்கிற கடையா நடத்துறேன்? உருளைக்கிழங்கு சீவுற சத்தம் கேக்குதா உனக்கு?" என்பாள். நான் உள்பனியனைப் பற்றிச் சொல்வேன்.

ட்ரேசிதான் மேவிஸுக்குக் கரண்ட் தருகிற கம்பெனியை மாற்றிவிட்டாள். போன இலையுதிர் காலத்தில் அது. மாற்றியதும் புதுத் தலைவலி. பழைய கம்பெனி தானாக ஊகித்த ஓர் எண்ணில் கணக்கை முடித்தது. புதிய கம்பெனி அதைவிடக் குறைந்த எண்ணில் கணக்கைத் தொடங்கியது. நடுவில் கிடந்த யூனிட்டுகளுக்கு இரண்டு பேருமே மேவிஸிடம் காசு கேட்டார்கள். இவரைக் கேட்டால் அவரைக் கேள், அவரைக் கேட்டால் இவரைக் கேள். தொலைபேசியில் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைப்பார்களே, அந்தப் பாட்டை மேவிஸ் மனப்பாடமாக மாடியில் முனகிக்கொண்டு நடப்பாள். கடைசியில் புதிய கம்பெனி, மீட்டரைப் படம் பிடித்து அனுப்பு, அதன் மேலுள்ள நம்பரும் தெரிய வேண்டும் என்றது.

படம் பிடிக்க நான் போனேன். மேவிஸ் வீட்டு எண் ஒட்டிய மீட்டரில் சிவப்புப் புள்ளி ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் எவ்வளவு போகிறதோ அவ்வளவு வேகமாகச் சிமிட்டும். போனைத் தூக்கிப் பிடிக்கிற நேரத்தில் எங்கள் அடுக்களையில் டோரீன் கெட்டிலைப் போட்டாள். அந்தப் புள்ளி படபடவென்று துடிக்க ஆரம்பித்தது.

"டோரீன், கெட்டிலை அணை" என்றேன். துடிப்பு தணிந்தது. "போடு" என்றேன். துடித்தது.

"என்னய்யா, கெட்டிலோட கண்ணாமூச்சி ஆடுறியா? வயசான காலத்துல ஆசையைப் பாரு" என்று இருமிக்கொண்டே சிரித்தாள்.

எந்தக் காலத்திலோ மீட்டரை மாட்டியவன் வயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறான். எங்கள் வீட்டுக் கரண்ட் மேவிஸ் பெயரில் ஓடியது, மேவிஸுடையது என் பெயரில். நான் ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய சிக்கனம் மாடியில் தனியாகக் குடியிருந்திருக்கிறது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் மாடிப்படியில் கால் வைத்தேன். பாதிப் படியில் நின்று யோசித்தேன். சொன்னால் அத்தனை நாள் பாக்கியும் என் தலையில் விழும். கட்ட முடியாது. கட்ட முடியாதவன் வீட்டில் முன்பணம் போட்டால்தான் ஓடுகிற மீட்டரை மாட்டுவார்கள். போட்ட பணம் தீர்ந்தால் பட்டென்று நின்றுவிடும். அது நிற்கும்போது டோரீனின் உதடு என்ன நிறத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே இறங்கிவிட்டேன். வசந்தம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அது நியாயமான முடிவாகத்தான் பட்டது.

டிசம்பரில் புதிய கம்பெனியிலிருந்து மேவிஸுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் நிற்கிறதா என்று பார். நிற்காவிட்டால் மீட்டர் பக்கம் கோளாறு, ஆள் அனுப்புகிறோம். நின்றால் கரண்டை எரிப்பது நீதான், காசைக் கட்டு.

நான் அலமாரிக்கு முன்னால் நின்றேன். மேலே ஒவ்வொன்றாக அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாடிப்படி உச்சியிலிருந்து மேவிஸின் குரல்.

"எல்லாத்தையும் அணைச்சாச்சு ராசா. டார்ச் லைட்டுகூட இல்ல. நின்னுச்சா?"

அவள் பெயரிலிருந்த மீட்டரில் சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. பின்னறையில் டோரீன் இருமினாள். அந்த இருமலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அம்மணி.

"நின்னுடுச்சு, மேவிஸ்" என்றேன்.

மேவிஸ் சிரித்தாள். "அப்ப நான்தான் தின்னிருக்கேன். பாரு, இந்த வயசுல இப்படி ஒரு பசி."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மீட்டரில் இருந்த எண்ணை உள்ளபடியே படித்துச் சொன்னேன். ஓர் இலக்கம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எண்களில் நான் விளையாடுகிறவன் இல்லை.

எண் குறையாததால் அவள் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். முதலில் ஹீட்டர். பிறகு ஃபிரிட்ஜ், பாலை ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். "கடல்காத்து சும்மாதானே வருது" என்றாள். பிறகு வெந்நீர். அவள் எதை எப்போது நிறுத்தினாள் என்பது எனக்கு அவள் சொல்லாமலே தெரியும். என் பெயரிலிருந்த மீட்டர் அவளுடையதாயிற்றே. காலையில் அது துடித்தால் மேவிஸ் தேநீர் போடுகிறாள். மாலையில் மெதுவாகச் சிமிட்டினால் ரேடியோவும் படுக்கை விளக்கும். ஒருநாள் காலைத் துடிப்பு நின்றது. தேநீரையும் விட்டுவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். அந்த மாதம் எனக்கு வந்ததைப் போல அவ்வளவு குறைந்த பில்லை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. கிளப்பில் காட்டவில்லை.

நான் கல்நெஞ்சன் இல்லை. சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுடுநீர்ப் பை நிரப்பிக் கொடுத்தேன். எங்கள் கெட்டிலில் கொதிக்க வைத்ததுதான். அந்தக் கரண்டுக்கும் அவள்தான் காசு கட்டினாள் என்பது படியேறும்போது உறைக்கும். "உன்னை மாதிரி ஒரு மனுஷன் கீழ இருக்கிறதாலதான் நான் தைரியமா இருக்கேன்" என்பாள். இறங்கும்போது அது உறைக்கும்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் மீன் குளிர்க்கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். குளிர் மனிதனை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நடுங்குகிறவனைப் பற்றிக் கவலையில்லை. நடுக்கம் நின்றவனைத்தான் உடனே வெளியே இழுக்க வேண்டும். புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணைச் சொல்லப் போனபோது மேவிஸ் நடுங்கவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் பித்தான்களையெல்லாம் கழற்றியிருந்தாள். "உள்ள ஒரே புழுக்கம், ஆர்தர்" என்றாள், நாக்குக் குழற. ஆர்தர் அவளுடைய அண்ணன், ட்ரேசியின் அப்பா. செத்து வெகுகாலம் ஆயிற்று. "அவனுங்க மறுபடி போன் பண்ணாங்களா? நான் இப்ப எதையும் தின்றதில்லன்னு சொல்லிடு."

நான் குனிந்து பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். கால்களைச் சுற்றிப் போர்வையைச் செருகினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வருகிறவர்கள் வீடு ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது என்று கேட்பார்கள். கேட்டால் மீட்டரைப் பார்ப்பார்கள். நாளைக்கும் இப்படியே இருந்தால் கூப்பிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

அன்று மாலை என் பெயரிலிருந்த மீட்டர் மெதுவாகச் சிமிட்டியது. விளக்குப் போட்டிருக்கிறாள் என்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? திங்கட்கிழமையும் விடாமல் அப்படியே சிமிட்டிக்கொண்டிருந்தது, பகலிலும். மேவிஸ் பகலில் விளக்குப் போடுகிறவள் இல்லை. நான் மேலே போகவில்லை. செவ்வாய்க்கிழமை சிமிட்டல் நின்றது. பல்பு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ட்ரேசி வந்து அழைத்துப் போயிருப்பாள் என்றும் நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமைதான் உங்கள் போலீஸ் ஆட்களுக்குப் போன் செய்தேன். பல்பு போய்த்தான் இருந்தது. அதில் என் கணக்குத் தப்பவில்லை.

மிச்சம் உங்களுக்கே தெரியும். ட்ரேசி வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு, மேலே மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போனாள். கணக்கை முடிக்கக் கம்பெனி கடைசி எண்ணைக் கேட்டது. யாருமில்லாத வீட்டில் மீட்டர் ஜாம்ஜாமென்று ஓடியிருக்கிறது. அதற்காக மறுபடி வந்த ட்ரேசி கூடத்தில் நின்று போனில் போட்ட சத்தம் இங்கேயே கேட்டது. "எங்கத்தை செத்து மூணு வாரம் ஆவுது சார். தினம் வந்து யாரு வெந்நீர்ல குளிச்சிட்டுப் போறா? ஆவியா?" உயிரோடு இருந்தவள் ஆள் அனுப்பு என்று கெஞ்சியபோது வராத கம்பெனிக்காரன், செத்தவளுக்காக மறுநாளே வந்தான். அலமாரியைத் திறந்தான், என் மெயினை இறக்கினான், மேவிஸின் மீட்டர் நின்றது. இவ்வளவுதான் வேலை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நெவில் ஆகிய நான், நிற்காத மீட்டரை நின்றுவிட்டது என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மேவிஸ் வீட்டை இருட்டாக்கிக்கொண்டு குளிரில் செத்தாள். அவள் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். டோரீனுக்காகச் செய்தேன். என் இடத்தில் இருந்தால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரருக்காகச் செய்திருப்பீர்கள்.

டோரீனிடமா? அவளிடம் பேச முடியாது, அம்மணி. அவள் உள்ளே இல்லை. புது வருஷம் பிறந்த வாரமே அவளை முதியோர் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். அங்கே கணகணப்புக்குக் குறைவில்லை, நர்ஸுகள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள். ஆமாம், மேவிஸ் செத்ததற்கு முன்னால்தான். ஒரு மாதம் முன்னால். இனி வீட்டுக்கு வர மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எதைத்தான் சொல்லவில்லை. திடீரென்று அழைத்துக்கொண்டு போ என்றால், சில்லிட்ட படுக்கையிலா அவளைக் கொண்டுவந்து போடுவது? அதனால்தான் ஹீட்டரை ஒருநாள்கூட அணைக்கவில்லை. போர்வையைத் தொட்டுப் பாருங்கள், இப்போதுதான் எழுந்து போனவள் மாதிரி இருக்கும்.

கிளம்பலாம். கோட்டை மறக்காதீர்கள், வெளியே வடக்குக் காற்று.

ஹீட்டரையா? வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும். வயரை மாற்றிக் கொடுக்க ஆள் திங்கட்கிழமைதான் வருகிறான். அதுவரைக்கும் அது மேவிஸ் கணக்கில்தானே ஓடுகிறது. அவளுக்கு இனிமேல் குளிரப்போவதில்லை.